சிறிய தேசங்களின் பெரிய நண்பர் ஜி. கே. செஸ்டர்டன்

இருபதாம் நூற்றாண்டின் ஆரம்ப ஆண்டுகளில், லண்டன் மாநகரின் பத்திரிகைத் தெருவான பிளீட் தெருவில் நடப்பவர்கள் ஒரு விசித்திர மனிதரைப் பார்த்திருப்பார்கள். ஆறடிக்கு மேல் உயரம். 300 ராத்தலை எட்டும் உடல். தோளிலிருந்து தொங்கும் பெரிய அங்கி. அகன்ற விளிம்புள்ள தொப்பி. உள்ளே கத்தி மறைந்திருக்கும் கைத்தடி. மூக்கிலிருந்து எந்த நேரமும் நழுவக் காத்திருக்கும் கண்ணாடி. நடு வீதியில் திடீரென்று நின்று எதையோ யோசிப்பார். யோசித்தது வேடிக்கையாக இருந்தால், சுற்றிலும் யார் நிற்கிறார்கள் என்ற கவலையில்லாமல் உரக்கச் சிரிப்பார். பிறகு ஒரு சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்து, கையில் அகப்பட்ட காகிதத்தில் அன்றைய கட்டுரையை எழுதி முடிப்பார்.

அவர்தான் ஜி. கே. செஸ்டர்டன். ஏறத்தாழ 80 நூல்களையும், ஆயிரக்கணக்கான பத்திரிகைக் கட்டுரைகளையும் எழுதிக் குவித்தவர். துப்பறியும் பாதிரியாரான பிரவுன் சுவாமியாரைப் படைத்தவர் என்று கதைப் பிரியர்களுக்கு அவரைத் தெரியும். ஆனால் கேட்டவர்களிடமெல்லாம் அவர் தம்மைப் பத்திரிகைக்காரர் என்றுதான் சொல்லிக்கொண்டார்.

அவருடைய மறதி உலகப் பிரசித்தம். ஒருமுறை பிரசங்கம் செய்யப் புறப்பட்டவர், வழியில் ஒரு ரயில் நிலையத்தில் இறங்கி, தாம் இந்த ஊரில் இருப்பதாகவும் உண்மையில் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்றும் மனைவிக்குத் தந்தி கொடுத்தார். வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒரே சொல்லில் அந்த அம்மாள் பதில் தந்தி அடித்தார். முதலில் வீட்டுக்கு வரவழைத்து, பிறகு சரியான ஊருக்கு அனுப்புவதுதான் சுலபம் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம்.

ஊரையும் நேரத்தையும் மறந்த இந்த மனிதர் ஒன்றை மட்டும் மறந்ததில்லை. தேசாபிமானம் என்பது தன் மண்ணை நேசிப்பது. தன் மண்ணை உண்மையாக நேசிப்பவனுக்குப் பிறனும் அப்படித்தான் நேசிப்பான் என்பது புரியும். ஆகவே அவன் பிறன் மண்ணைப் பறிக்கக் கூசுவான். இந்த ஒரே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, சுமார் முப்பத்தைந்து ஆண்டுக் காலம் அவர் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் அளந்து பார்த்தார். அந்தக் கோல் அவரைப் பல தடவை ஊரோடு மோதவிட்டது. ஓரிரு இடங்களில் அவரே அதைக் கை நழுவவும் விட்டார்.

சித்திரம் பயின்றவர் எழுத்தாளரானார்

கில்பர்ட் கீத் செஸ்டர்டன் 1874-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதி லண்டனில் கென்சிங்டன் பகுதியில் பிறந்தார். தந்தையின் குடும்பத்தினர் வீடு, நிலம் விற்றுக் கொடுக்கும் தொழில் நடத்தி வந்தனர். தந்தைக்கோ தொழிலைவிடப் பொம்மை நாடக மேடை செய்து குழந்தைகளுக்குக் காட்டுவதில்தான் ஆர்வம் அதிகம். ஐந்து வயது இளையவரான தம்பி ஸெஸில் பேசத் தொடங்கிய நாள் முதல், அண்ணனும் தம்பியும் ஓயாமல் விவாதம் செய்தார்கள். ஆனால் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. எதிராளியோடு மனம் கோணாமல் மோதும் வித்தையை அவர் அந்த வீட்டில்தான் கற்றார்.

செயின்ட் பால் பள்ளியில் அவரை மந்தமான மாணவர் என்றே ஆசிரியர்கள் நினைத்தார்கள். பிறகு ஸ்லேடு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பட்டம் எதுவும் வாங்கவில்லை. புத்தகப் பிரசுர நிலையம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, வந்த நூல்களுக்கு மதிப்புரை எழுதத் தொடங்கினார். 1901-ல் பிரான்ஸஸ் பிளாக் என்ற மங்கையை மணந்தார். அதே ஆண்டில் 'டெய்லி நியூஸ்' என்ற தினசரியில் எழுதவும் ஆரம்பித்தார். 1905-ல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வாரப் பத்திரிகையில் ஒரு பக்கம் அவருக்கென்று ஒதுக்கப்பட்டது. 1936-ல் மரணம் அடையும் வரை அந்தப் பக்கம் அவருடையதாகவே இருந்தது.

ஊர் கொண்டாடிய யுத்தம்

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு யுத்தம். 1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் என்னும் டச்சுக் குடியானவர்களின் இரண்டு சிறு குடியரசுகளோடு பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் போருக்கு எழுந்தது. அந்த மண்ணின் அடியில் தங்கம் இருந்தது. லண்டன் வீதிகளில் ஒரே உற்சாகம். 1900-ஆம் ஆண்டு மே மாதம் மாஃபெக்கிங் நகரின் முற்றுகை விலகியது என்ற செய்தி வந்தபோது, ஜனங்கள் இரவெல்லாம் தெருவில் கூத்தாடினார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு எதிராகப் பேனாவை எடுத்த சிலரில் இருபத்தைந்து வயதில் போரின் ஆரம்பத்தைப் பார்த்த செஸ்டர்டனும் ஒருவர். போரை எதிர்த்த மற்றவர்களில் பலர், யுத்தமே பாவம் என்றார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. போயர்கள் தங்கள் வயலையும் வீட்டையும் காக்கத் துப்பாக்கி எடுத்தது நியாயம் என்றார். ஓர் ஆங்கிலேயன் தன் கிராமத்துக்காக எதைச் செய்வானோ அதையே போயர் செய்கிறான். அவனை வெறுப்பவன் இங்கிலாந்தை நேசிப்பவன் ஆகமாட்டான் என்பது அவர் வாதம். சாம்ராஜ்யப் பெருமை வேறு, நாட்டுப் பற்று வேறு என்று பிரித்துக் காட்டியபோது, அவரைத் துரோகி என்றவர்களும் உண்டு.

அந்த நாட்களில்தான் ஹிலேர் பெல்லாக் என்பவர் அவருக்கு நண்பரானார். தந்தை வழியில் பிரெஞ்சுக்காரர், கத்தோலிக்கர், சரித்திரத்தில் கரை கண்டவர். கடலால் சூழப்பட்ட இங்கிலாந்தில் வளர்ந்த செஸ்டர்டனுக்கு ஐரோப்பாக் கண்டத்தின் பழங்கதையைச் சொல்லிக் கொடுத்தவர் பெல்லாக்தான். இருவரும் எப்போதும் ஒரே பக்கம் நின்று சண்டை போட்டதால், பெர்னார்ட் ஷா அவர்களை ஒட்டிப் பிறந்த நான்கு கால் பிராணி என்று கேலி செய்தார்.

1904-ல் வெளிவந்த 'நாட்டிங் ஹில்லின் நெப்போலியன்' என்ற நாவலில், லண்டனின் ஒரு சின்னஞ்சிறு பேட்டை தன் தெருவைக் காப்பாற்றப் பெரிய பேட்டைகளோடு வாள் எடுத்துப் போராடுகிறது. படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் போயர் குடியரசுகளைப் பற்றிச் சொன்னதைத்தான் அவர் கதையாகச் சொல்லியிருந்தார்.

காந்தியடிகள் படித்த கட்டுரை

1909-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் இந்திய தேசியவாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். லண்டனில் அப்போது சுற்றிக்கொண்டிருந்த இந்திய இளைஞர்களின் எழுத்து அவருக்குத் திருப்தி தரவில்லை. அவர்கள் கேட்பது ஆங்கிலேயரின் பார்லிமெண்டு, ஆங்கிலேயரின் தத்துவம், ஆங்கிலேயரின் நிர்வாகம். ஆங்கிலேயன் மட்டும் வேண்டாம் என்கிறார்கள். இதில் இந்தியா எங்கே இருக்கிறது என்று கேட்டார். எங்கள் பழைய வாழ்க்கையில் குறைகள் இருக்கலாம். ஆனாலும் அது எங்களுடையது, அதுவே எங்களுக்கு வேண்டும் என்று ஓர் இந்தியன் சொன்னால், அந்த வழக்குக்குப் பதில் சொல்வது கடினம் என்றும் எழுதினார்.

டிரான்ஸ்வால் இந்தியர்களின் குறைகளை எடுத்துச் சொல்ல வந்து, அந்தச் சமயம் லண்டனில் தங்கியிருந்த காந்தியடிகள் அந்தக் கட்டுரையைப் படித்தார். தாம் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையின் வாசகர்களுக்கும் அதை எடுத்துக் காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் கப்பலில் 'ஹிந்த் சுவராஜ்' நூலை எழுதினார். அந்த நூலுக்குப் பல தூண்டுகோல்கள் உண்டு. இந்தக் கட்டுரையையும் அவற்றில் ஒன்றாக ஆராய்ச்சியாளர்கள் சேர்க்கிறார்கள். செஸ்டர்டன் இந்திய விடுதலைப் போராட்டத்தின் பிரசாரகர் அல்லர். எந்த நாடும் இன்னொரு நாட்டின் நகலாக ஆகக்கூடாது என்ற தம் பழைய கொள்கையைத்தான் சொன்னார். அது எங்கோ போய் வேர் பிடித்தது.

ஏழையின் குழந்தைக்காக ஒரு வழக்கு

அக்காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படித்தவர்களைப் பிடித்து ஆட்டிய ஒரு மோகம் இருந்தது. மனித இனத்தை மாடு வளர்ப்பது போலத் தேர்ந்தெடுத்து வளர்க்க வேண்டும்; பலவீனர்களும் அறிவு குறைந்தவர்களும் பிள்ளை பெறாமல் தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இனவிருத்தி விஞ்ஞானம் என்று அதற்குப் பெரிய பெயர் இருந்தது. அமெரிக்காவில் இந்தியானா ராஜ்யம் 1907-லேயே பலவந்தமாகக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றியது. 1912-ல் இந்த இயக்கத்தின் முதல் சர்வதேச மகாநாடு லண்டனில் கூடியது. 1913-ல் மனவளர்ச்சி குன்றியோரை அடைத்து வைக்கும் சட்டத்தைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டு நிறைவேற்றியது. பேராசிரியர்கள், வைத்தியர்கள், மந்திரிகள் என்று எல்லாத் தரப்பிலும் இதற்கு ஆதரவு இருந்தது. முற்போக்காளர்கள் என்று பெயர் பெற்றவர்களும் விலக்கல்ல.

செஸ்டர்டன் இதைக் கண்டு கொதித்தார். யார் அறிவு குறைந்தவர் என்று தீர்மானிப்பவர் யார்? வேலை இல்லாமல் அலைபவனையும், கந்தல் உடுத்தியவனையும் பிடித்து அடைப்பார்களே தவிர, மாளிகையில் இருக்கும் அசட்டுப் பிரபுவின் வீட்டுக் கதவைத் தட்டுவார்களா? கூலியை உயர்த்த மனமில்லாத முதலாளி, கூலிக்காரனின் குழந்தைகளைக் குறைக்கப் பார்க்கிறான். அதற்கு விஞ்ஞானம் என்ற முகமூடி போடுகிறான் என்று எழுதினார். அந்த எழுத்துக்கள் 1922-ல் நூலாக வந்தன. பழமைவாதி, விஞ்ஞானம் அறியாதவர் என்று அவரைப் பரிகசித்தார்கள்.

பின்னால் நடந்ததை உலகம் அறியும். 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பலவந்தக் கருத்தடையைச் செல்லும் என்றது. அந்நாட்டு ராஜ்யங்களில் அதற்கு ஆளானவர்கள் 60,000 பேருக்கு மேல். 1933-ல் ஹிட்லர் அரசாங்கம் இதேபோன்ற சட்டம் கொண்டுவந்து சுமார் 4 லட்சம் பேரை அந்தக் கதிக்கு ஆளாக்கியது. இங்கிலாந்தில் 1931-ல் கொண்டுவரப்பட்ட கருத்தடை மசோதாவைக் காமன்ஸ் சபை நிராகரித்துவிட்டது. அதற்குக் கத்தோலிக்கரும் தொழிற்கட்சியினரும் காட்டிய எதிர்ப்பு முக்கிய காரணம். அந்த எதிர்ப்புக்கு முன்கூட்டியே வாதங்களை எழுதி வைத்தவர்களில் செஸ்டர்டன் முன் வரிசையில் நிற்கிறார்.

மகாயுத்தமும் தம்பியின் மரணமும்

1914 ஆகஸ்டில் ஜெர்மன் படைகள் பெல்ஜியத்துக்குள் புகுந்தன. போயர் யுத்தத்தை எதிர்த்த செஸ்டர்டன் இந்த யுத்தத்தை ஆதரித்தார். பலருக்கு ஆச்சரியம். ஆனால் அவர் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். அன்று போயர் சிறியவன். இன்று பெல்ஜியம் சிறியது. ஜெர்மனியின் தலையில் ஏறியிருந்த பிரஷ்ய ராணுவ வெறிதான் ஐரோப்பாவின் நோய் என்று துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். அந்த வேகத்தில் பிரஷ்யர்கள் அத்தனை பேரையும் ஒரே கரியால் பூசிவிட்டார் என்ற குறையும் உண்டு.

அளவுக்கு மீறிய வேலை அவரைச் சாய்த்தது. 1914-ன் இறுதியில் நினைவிழந்து படுத்தவர், 1915-ஆம் ஆண்டு ஈஸ்டர் சமயத்தில்தான் தெளிந்தார். 1916-ல் தம்பி ஸெஸில் பட்டாளத்தில் சேர்ந்தார். தம்பி நடத்திய 'நியூ விட்னஸ்' பத்திரிகையை அண்ணன் தாங்கிக்கொண்டார். போர் நின்று ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 1918 டிசம்பரில், பிரான்ஸில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் ஸெஸில் இறந்தார். அந்தக் காயம் செஸ்டர்டனுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

பெல்ஜியத்துக்காகப் போர் புரிந்த இங்கிலாந்து, அடுத்த வீட்டு அயர்லாந்தை அடக்கி வைத்திருப்பது என்ன நியாயம் என்ற கேள்வியையும் அவர் விடவில்லை. 1918-ல் டப்ளினுக்குப் போய் வந்து, மறு ஆண்டு அயர்லாந்தைப் பற்றி நூல் எழுதினார். 1920, 1921-ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் துணைப் படையினர் ஐரிஷ் கிராமங்களைக் கொளுத்தியபோது, பெல்ஜியத்தில் ஜெர்மானியர் செய்ததை நினைவூட்டித் தம் சொந்த அரசாங்கத்தைக் கண்டித்தார்.

அமெரிக்காவில் கண்டது

1921 ஜனவரியில் பிரசங்கப் பிரயாணமாக மனைவியோடு நியூயார்க்கில் இறங்கினார். அதற்கு முன்பே அவருக்கு ஒரு வேடிக்கை காத்திருந்தது. அமெரிக்கக் கான்சல் காரியாலயத்தில் கொடுத்த விண்ணப்பத் தாளில், நீர் அராஜகவாதியா, பல தாரம் மணந்தவரா, பலாத்காரத்தால் அரசாங்கத்தைக் கவிழ்ப்பதை ஆதரிப்பவரா என்றெல்லாம் கேள்விகள். உண்மையே பேசும் அராஜகவாதி ஒருவன் நிதானமாக உட்கார்ந்து ஆம் என்று எழுதுவதாக நினைத்துப் பார்த்துச் சிரித்தார்.

வேறொருவராக இருந்தால் சிரித்ததோடு விட்டிருப்பார். இவர் யோசித்தார். இங்கிலாந்து ஒருவனிடம் இப்படிக் கேட்பதில்லை. ஆங்கிலேயன் பிறப்பால் ஆங்கிலேயன். அமெரிக்காவோ எல்லா இனத்தாரையும் கூட்டிச் சேர்த்த நாடு. அவர்களை ஒன்றாகக் கட்டுவது 1776-ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தின் கொள்கை. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்பது அந்நாட்டின் வேதவாக்கு. ஆகவே அது கோயிலில் சேர வருபவனைக் கேட்பதுபோல் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அமெரிக்காவைப் பற்றி வெளிநாட்டார் எழுதியவற்றில் இன்றும் எடுத்துப் பேசப்படும் கருத்து இது.

பிராட்வே வீதியின் மின்விளக்கு விளம்பரங்களைப் பார்த்து, எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கு இது சொர்க்கமாக இருக்கும் என்று வியந்தார். வாசிக்கத் தெரிந்தவனுக்கு அவை சோப்பும் சுருட்டும் விற்கும் அறிவிப்புகள் அல்லவா!

1920 முதல் அமலில் இருந்த மதுவிலக்கை அவர் சாடினார். அவர் குடிப்பிரியர் என்பது காரணத்தில் ஒரு பகுதியாக இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன நியாயம் வேறு. பணக்காரர் வீட்டு நிலவறையில் பழைய சரக்கு பத்திரமாக இருந்தது. விருந்தில் அது தாராளமாக ஓடியது. தொழிலாளியின் ஒரு குவளை பீர்தான் குற்றமாயிற்று. ஒரே சட்டம் இரண்டு முகம் காட்டினால் அது குடியரசின் சட்டம் ஆகாது என்றார். மதுவிலக்கு 1933-ல் அங்கே ரத்தாயிற்று.

அமெரிக்கர்களை இங்கிலாந்தின் பிள்ளைகள் என்றும், ஒரே ரத்தம் என்றும் உறவு கொண்டாடும் பேச்சு அப்போது மிகுதி. அவர்கள் அன்னியர்கள், அன்னியர் என்று ஒப்புக்கொண்டால்தான் சிநேகம் பிறக்கும் என்றார் செஸ்டர்டன். நகல் என்று நினைத்துப் பார்த்தால் குறைதான் தெரியும்; தனி நாடு என்று பார்த்தால் அதன் அழகு தெரியும். குடியானவர்களின் குடியரசை விரும்பிய ஜெஃபர்சன் அவருக்குப் பிடித்த அமெரிக்கர். பிரஜைகள் சமம் என்று எழுதி வைத்த நாட்டில், பெரிய முதலாளிகளின் கையில் தொழிலாளி அடிமையாகி வருவதைக் கண்டு அவர் கலங்கினார். மனிதன் தெய்வத்தால் படைக்கப்பட்டவன் என்ற நம்பிக்கை போய்விட்டால், சமத்துவத்துக்கு ஆதாரம் ஏது என்ற கேள்வியோடு 'அமெரிக்காவில் நான் கண்டது' என்ற நூலை முடித்தார்.

தகரக் கூரையின் கீழ்

அந்த நூல் வெளியான 1922-ஆம் ஆண்டிலேயே அவர் வாழ்க்கையின் பெரிய மாறுதலும் நடந்தது. ஜூலை 30-ஆம் தேதி அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அவர் குடியிருந்த பீக்கன்ஸ்ஃபீல்டு என்ற சிற்றூரில் அப்போது கத்தோலிக்கக் கோயில் இல்லை. ரயில்வே ஹோட்டலைச் சேர்ந்த, தகரக் கூரை போட்ட ஒரு கூடத்தில்தான் பூஜை நடந்து வந்தது. அங்கேதான் சடங்கும் நடந்தது. நடத்தி வைத்தவர் ஜான் ஓ'கானர் சுவாமியார். துப்பறியும் பிரவுன் சுவாமியாருக்கு அச்சாக விளங்கியவர் அவர்தான்.

ஆங்கிலத் திருச்சபையில் ஊறியவரான மனைவி பிரான்ஸஸ் அன்று உடன் சேரவில்லை. மனைவியைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் அவர் பல வருஷம் தயங்கியிருந்தார். அந்த அம்மாள் நான்கு ஆண்டுக்குப் பின், 1926-ல், தாமாகவே வந்து சேர்ந்தார்.

இந்த மாற்றம் அவருடைய உலக நோக்குக்கும் வலுத் தந்தது. தேசம் பெரியது, ஆனால் தேசத்துக்கும் மேலே ஒரு நீதி உண்டு, அரசாங்கமே அந்த நீதி என்று சொல்லும் நாள் ஆபத்தான நாள் என்பது அவர் உறுதி. வெவ்வேறு தேசங்கள் தத்தம் முகத்தோடு இருந்துகொண்டே ஒரு குடும்பமாக வாழ முடியும் என்பதற்குப் பழைய கிறிஸ்தவ ஐரோப்பாவை அவர் உதாரணம் காட்டினார். அந்தப் பழைய ஐரோப்பாவின் குறைகளை மட்டும் அவர் அதிகம் பார்க்க விரும்பவில்லை.

1925-ல் 'ஜி.கே.ஸ் வீக்லி' என்று தம் பெயராலேயே வாரப் பத்திரிகை தொடங்கினார். சொத்து சில முதலாளிகளிடமும் குவியக்கூடாது, சர்க்காரிடமும் குவியக்கூடாது. கைப்பிடி நிலமும் சிறு கடையும் சிறு பட்டறையும் எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. பத்திரிகை ஆரம்பம் முதலே நஷ்டம். பணம் குறையும்போதெல்லாம் அவர் இன்னொரு பிரவுன் சுவாமியார் கதையை எழுதி விற்று, அந்தப் பணத்தைப் பத்திரிகையில் போட்டார். தம் பெயருக்குக் கிடைத்த விலையையெல்லாம் தம் கொள்கைக்குக் கப்பம் கட்டினார். கடல் கடந்து, நியூயார்க்கில் 1933-ல் 'கத்தோலிக்கத் தொழிலாளி' இயக்கம் தொடங்கிய டாரதி டே அம்மையார் போன்றவர்கள் இந்தக் கொள்கையிலிருந்து ஊக்கம் பெற்றார்கள். அந்த அம்மையாரும் பத்திரிகையாளர். கத்தோலிக்க மதத்தைத் தழுவியவர்.

1930-ல் இரண்டாம் முறை அமெரிக்கா சென்றார். நோட்ர டாம் சர்வகலாசாலையில் விக்டோரியா ராணி காலத்துச் சரித்திரம், இலக்கியம் பற்றி 36 பிரசங்கங்கள் செய்தார். முந்திய ஆண்டுதான் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்திருந்தது. பெரிய வியாபாரம்தான் பெரிய பாதுகாப்பு என்று ஒன்பது ஆண்டுக்கு முன் அவரிடம் வாதாடிய நாட்டில், வேலையற்றோர் கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது.

அளவுகோல் நழுவிய இடங்கள்

செஸ்டர்டனின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் மறைக்கக்கூடாத பக்கம் ஒன்று உண்டு. 1929-ல் ரோமாபுரிக்குப் போனபோது முசோலினியைச் சந்தித்தார். சர்வாதிகாரத்தை அவர் முழுக்க ஏற்கவில்லை. ஆனாலும் பாசிஸ்டு ஆட்சியைப் பற்றி வேண்டாத தாட்சண்யத்தோடு எழுதினார். 1935-ல் இத்தாலி, அபிசீனியா மீது படையெடுத்தது. போயருக்காகவும் பெல்ஜியத்துக்காகவும் எழுந்த பேனா, இந்த ஏழை ஆப்பிரிக்க நாட்டுக்காக அதே வேகத்தோடு எழவில்லை. அவருடைய பத்திரிகையின் சொந்த அணிக்குள்ளேயே இதனால் எதிர்ப்பு மூண்டது.

இன்னொன்று யூதர்களைப் பற்றியது. 1912, 1913-ல் மந்திரிகளின் பெயர் அடிபட்ட மார்க்கோனி பங்கு விவகாரத்தில், தம்பி ஸெஸில் வழக்கில் சிக்கி 100 பவுன் அபராதம் கட்டினார். வழக்கில் எதிர்த்தரப்பில் நின்ற காட்ஃப்ரே ஐசக்ஸ் யூதர். பின்னாளில் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்த ரீடிங் பிரபுவின் சகோதரர். அந்தக் கசப்பு, ஏற்கெனவே இருந்த தப்பெண்ணத்தோடு கலந்தது. யூதர்கள் தாம் வாழும் நாட்டுக்கு என்றும் அன்னியர் என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். தனித்தன்மையைக் காக்க வேண்டும் என்ற அதே கொள்கை, இங்கே பக்கத்து வீட்டுக்காரனை வெளியே நிறுத்தும் கொள்கையாகத் திரிந்தது. அவரைப் புனிதராக உயர்த்தும் விசாரணையைத் தொடங்கலாமா என்று ஆராய்ந்த நார்தாம்ப்டன் மேற்றிராணியார், 2019-ல் தொடங்குவதில்லை என்று அறிவித்தபோது, சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

ஹிட்லரை இனங்கண்டவர்

ஆனால் 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தபோது செஸ்டர்டன் தடுமாறவில்லை. இங்கிலாந்தில் பெரிய மனிதர்கள் பலர் ஹிட்லரைச் சமாதானப் பிரியர் என்றும், கம்யூனிஸத்துக்கு அணை என்றும் நம்பிய காலம் அது. ரத்தத்தின் பெயரால் தன்னைத் தெய்வ இனமாக நினைத்துக்கொள்ளும் கர்வம் பழைய பிரஷ்ய வெறியின் புது அவதாரம் என்று அவர் வாரம் தவறாமல் எழுதினார். யூதர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைக் கண்டு பதறினார். ஐரோப்பாவின் கடைசி யூதனைக் காக்கத் தாமும் பெல்லாக்கும் உயிர் கொடுக்கத் தயார் என்று ஒரு பேட்டியில் அறிவித்தார். முன்பு எழுதியதை அது அழித்துவிடாது. ஆயினும் சொல்ல வேண்டிய நேரத்தில் அதைச் சொன்னார்.

அவர் கண் போலந்தின் மீதே இருந்தது. 1772, 1793, 1795 என்று மூன்று தடவை அண்டை வல்லரசுகள் கூறு போட்டு விழுங்கி, 1918-ல் மறுபடி உயிர் பெற்ற நாடு அது. 1927-ல் அவர் அங்கே போனபோது ஜனங்கள் அவரைச் சொந்த மனிதராக வரவேற்றார்கள். அடுத்த மகாயுத்தம் வருமானால் அது ஜெர்மனி போலந்தின் எல்லையில் கை வைப்பதால்தான் வரும் என்று அவர் கூறி வந்தார். 1919-ல் கிடைத்தது சமாதானம் அல்ல, சண்டைக்கு நடுவே ஓர் ஓய்வுதான் என்பது அவருடைய கணிப்பு.

அந்த நாளைக் காண அவர் இருக்கவில்லை. 1936-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14-ஆம் தேதி பீக்கன்ஸ்ஃபீல்டு வீட்டில் 62-ஆம் வயதில் காலமானார். போப்பாண்டவர் பதினோராம் பத்திநாதர் அனுதாபச் செய்தி அனுப்பினார். முப்பது வருஷத்துக்கு மேல் மேடைக்கு மேடை அவரோடு மல்லுக்கு நின்ற பெர்னார்ட் ஷா, பணக் கஷ்டம் ஏதேனும் உண்டா, உதவட்டுமா என்று பிரான்ஸஸ் அம்மாளுக்குக் கடிதம் எழுதினார்.

மூன்று ஆண்டுக்குப் பின், 1939 செப்டம்பர் முதல் தேதி, ஹிட்லரின் படைகள் போலந்து எல்லையைக் கடந்தன. செஸ்டர்டன் ஜெர்மனியைப் பற்றி எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து 1940-ல் நண்பர்கள் நூலாக வெளியிட்டார்கள். லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருந்த ஆண்டு அது. உயிரோடு இருந்த காலத்தில் மிகைப்படுத்துகிறார் என்று புரட்டித் தள்ளியவர்கள் இப்போது நிறுத்திப் படித்தார்கள்.

அவர் சேனாதிபதி அல்லர், மந்திரி அல்லர். ஒரு சட்டத்தையும் இயற்றவில்லை, ஒரு யுத்தத்தையும் நிறுத்தவில்லை. போயர் குடியானவன், ஐரிஷ் கிராமத்தான், போலந்துக்காரன், லண்டன் சேரியில் பிறந்த குழந்தை ஆகியோரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தபோதெல்லாம் அவர் தீர்ப்பு சரியாக இருந்தது. அபிசீனியன் இடத்திலும், அடுத்த தெரு யூதன் இடத்திலும் தன்னை வைத்துப் பார்க்க மறந்தபோது தவறியது. பத்திரிகைத் தொழிலுக்கு அந்தப் பருத்த மனிதர் விட்டுச் சென்ற பாடம் அவர் சரியாகச் சொன்னதில் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு அவர் தவறியதிலும் இருக்கிறது.